கோடரி விட்ட கோடுகள்

ஓர்க்னித் தீவிலிருந்து வந்த கௌட்டியின் படகு பாறையில் உரசிக் கரையேற்றப்பட்டிருந்தது. தச்சன் ஒட்கெல் ஆணிகளை வெட்டி, உடைந்த பலகையைக் கழற்றிப் போட்டான். நீர் புகாமலிருக்கப் பலகை விளிம்பில் அடைத்திருந்த தார்க் கம்பளியைச் சுரண்டுவது அவன் மனைவி யோருன்னின் வேலை.

சுரண்டிக்கொண்டே போனவளின் விரல் ஓரிடத்தில் நின்றது. கம்பளி மூடியிருந்த இடத்தில் மரம் நேற்றுச் செதுக்கியதுபோல இருந்தது. மயிரிழையாய் இரண்டு மேடுகள் ஒட்டி ஓடின. ஒரு விரற்கடை தள்ளி மூன்றாவது. கோடரி வாயில் பொக்கை விழுந்தால் மரத்தில் இப்படித்தான் மேடு நிற்கும்.

அவள் தம்பி ஓல்விரின் கோடரியிலும் மூன்று பொக்கை உண்டு. இரண்டு கோடைக்கு முன்பு, தெரியாமல் ஆணிமேல் போட்டுவிட்டான். ஆட்கள் முன்னால் ஒட்கெல் அவனைக் கைக்கு உதவாதவன் என்று ஏசினான். அந்த வாரமே கப்பலேறியவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

கோடுகளைக் காட்டி, இது ஓல்விரின் வெட்டு என்றாள். "பொக்கை விழாத கோடரி எந்த ஊர்ல இருக்கு?" என்றான் ஒட்கெல்.

யோருன் எழுந்து போனாள். ஓல்விர் கடைசியாகச் செதுக்கிய ஆட்டுக்கொட்டில் கதவைக் கழற்றி வந்து பக்கத்தில் வைத்தாள். நூல் பிடித்து அளந்தாள். இம்மி பிசகவில்லை.

"சாணை பிடிக்க என்னைக்கு அவனுக்கு உடம்பு வணங்கியிருக்கு?" என்றாள்.

ஒட்கெல் குந்தி உட்கார்ந்து பார்த்தான். கோடுகள் அதேதான். ஆனால் வெட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இடக்கைக்காரன் வெட்டு. ஓல்விருக்கு வலக்கை. அப்படியானால் கோடரி இப்போது யாரிடம்? யோருன் கௌட்டியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"எங்க தச்சன் வெச்ச பலகைம்மா. ஓக் மரம் பிளக்கும்போது ஆப்பு தெறிச்சு, பிளவு மூடி, வலக்கையில மூணு விரல் போச்சு. அப்புறம் இடக்கையிலயே பழகிட்டான். ஒரு அக்கா இருக்காளாம். அவ புருஷன் மூஞ்சியில முழிக்க மாட்டானாம்."

அந்தப் புருஷன் எதிரில் நிற்பது கௌட்டிக்குத் தெரியாது.

மறுநாள் ஒட்கெல் கொல்லனிடமிருந்து புதுக் கோடரி வாங்கிவந்து, அதற்கு இடக்கைக்குத் தோதாக மறுபக்கம் வளைந்த காம்பு ஒன்றை இழைக்க உட்கார்ந்தான்.

"வலக்கைக் காம்பை இடக்கையில பிடிச்சா முட்டி மரத்துல இடிக்கும். அதை வெச்சுக்கிட்டு எப்படி இவ்வளவு சீரா செதுக்கினான்?" என்று தனக்குள் முனகினான். பிறகு தலை நிமிராமலே, படகு கிளம்பும்போது யோருன்னும் இதை எடுத்துக்கொண்டு போய் வரட்டும் என்றான்.

ஓர்க்னிக் கரையில் ஓல்விர் ஒரு பலகைமேல் குனிந்திருந்தான். அக்காளைப் பார்த்ததும் விரல் போன கையை முதுகுப்பக்கம் மறைத்தான். அவள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பிறகு கோடரியைக் கொடுத்தாள். காம்பின் வளைவைத் தடவியதுமே அது யார் கைவேலை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதாலேயே பலகையின் மறுமுனைவரை செதுக்கிக்கொண்டே போனான்.

திரும்பி வந்து, "ஊருக்குப் படகு என்னைக்குக்கா திரும்புது?" என்று கேட்டான்.