இரண்டு விரல் முன்னால்

வில்ஃப் இறந்த மறு வருடம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்துக்காரர்கள் அவர் நினைவாக ஓர் ஓட்டம் வைத்தார்கள். அவருடைய வண்டியை மகள் ரோவீனா ஓட்டுவது என்று ஏற்பாடு. வழக்கமான பாதைதான், அவர் விழுந்து இறந்த ஹார்க்கர் இறக்கமும் அதில் வரும். அவர் மனைவி ஹேசல் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா செஞ்ச தப்ப நான் செய்ய மாட்டேம்மா, மெதுவாத்தான் இறங்குவேன்" என்று சொல்லிச் சொல்லியே ரோவீனா அவளைக் கரைத்துவிட்டாள்.

தப்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். விசாரணையிலும் அப்படித்தான் முடிந்தது. சாலை காய்ந்திருந்தது, வண்டியில் கோளாறு இல்லை, எழுபது வயதுக்காரருக்கு அந்த வேகம் ஆகாது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பண்ணைக்காரர் மட்டும், வில்ஃப் ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்டியதைப் பார்த்ததாகச் சொன்னார். கிழவரின் கையில் வலு இல்லை என்று அதற்கும் அர்த்தம் சொல்லிவிட்டார்கள். ஹேசலும் அதையே நம்பினாள். நம்பியதால் வந்த கோபம் துக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவருடைய சட்டைகளைத் தேவாலயத்துக்குக் கொடுத்தபோதுகூட மடித்துக் கொடுக்கவில்லை. பையில் திணித்துக் கொடுத்தாள்.

விபத்தில் வளைந்துபோயிருந்த வண்டியைச் சரிசெய்தவர் நெவில். அவரும் வில்ஃபும் ஹேசலும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல் குழாய்கள் இரண்டும் கோணிப்போயிருந்ததால் புதிதாகப் போட்டார். சக்கரத்தின் அச்சைப் பிடித்திருக்கும் கீழ்க்கால்களில் கீறல்கூட இல்லை, அவற்றையே திரும்ப மாட்டினார். அந்தக் கீழ்க்கால்களும் அவர் கொடுத்தவைதான். வில்ஃபின் பழைய ஃபோர்க் சின்னக் குழிக்கே டங்கென்று அடிக்கும், எண்ணெய் கசியும். செத்துப்போன ஒரு மெக்கானிக்கின் கொட்டகையில், எண்ணெய்த்தாள் சுற்றியபடி, ஒரு நாளும் ஓடாத ஃபோர்க் ஒன்று நெவிலுக்குக் கிடைத்தது. அதே மாடல். போன கோடையில் வில்ஃபின் பிறந்தநாளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மாட்டிய அன்று வில்ஃப் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஒத்த விரல்ல திருப்பலாம்டி இத" என்று சிரித்தது ஹேசலுக்கு நன்றாக நினைவிருந்தது. சங்கத்தில் எல்லோரும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒன்று கிடைக்குமா என்று நெவிலை நச்சரித்தார்கள்.

ஓட்டம் தொடங்கும்முன் படம் எடுப்பது சங்கத்து வழக்கம். வண்டிகள் கோணல்மாணலாக நின்றால் படம் எடுக்கும் பெர்சிக்குப் பிடிக்காது. தரையில் நீளப் பலகை ஒன்றைப் போட்டு, எல்லாப் பின் சக்கரங்களும் அதைத் தொடும்படி நிறுத்தச் சொல்வார். ஒரே மாடல் வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில். அப்படித்தான் வில்ஃபின் வண்டியும் நெவிலின் வண்டியும் ஒட்டி நின்றன.

கேமராவில் கண்ணை வைத்த பெர்சி சிரித்தார். "பாத்தியா நெவில், ஆள் போயும் உன்ன முந்திக்கிட்டுத்தான் நிக்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹேசலுக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் பார்த்தாள். வில்ஃபின் முன் சக்கரம் உண்மையிலேயே முந்தி நின்றது.

பலகை கோணலாக இருக்கும் என்று நினைத்தாள். பின் சக்கரங்கள் இரண்டும் அதைத் தொட்டுக்கொண்டிருந்தன. பெட்ரோல் டாங்குகள் நேராக இருந்தன, விளக்குகள் நேராக இருந்தன. சக்கரம் மட்டும் முன்னால். குனிந்து விரலை வைத்துப் பார்த்தாள். இரண்டு விரல் அகலம்.

"நெவில், நம்ம ரெண்டு வண்டியும் ஒரே வருஷந்தானே?"

"ஒரே மாசம்கூட. ஏன் கண்ணு?"

"அப்ப இது ஏன் வெளிய நிக்குது?"

நெவில் தேநீர்க் கோப்பையோடு வந்தார். அவள் காட்டிய இடத்தைப் பார்த்தார். தன் வண்டியின் அச்சைப் பார்த்தார், வில்ஃபின் அச்சைப் பார்த்தார். கோப்பை சாய்ந்து தேநீர் அவர் ஷூவின் மேல் கொட்டியது. அவருக்கு அது தெரியவில்லை.

"சைடுகாருக்குச் செஞ்சது இது" என்றார்.

அங்கிருந்தவர்களுக்கு அதுவே போதும். இளவயதில் சைடுகார் ஓட்டாதவர் அங்கே யாருமில்லை. வண்டியின் பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டியும் மூன்றாவது சக்கரமும் மாட்டினால் ஹேண்டில்பார் கல்லாகக் கனக்கும். அதை இலகுவாக்க, அச்சைக் கொஞ்சம் முன்னால் தள்ளித் தனி ஃபோர்க் செய்து விற்பார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். சைடுகாரைக் கழற்றினால் அந்த ஃபோர்க்கையும் கழற்றிவிட வேண்டும். அதோடு தனி வண்டியாக ஓட்டினால் முற்றத்தில் பூப்போலத் திரும்பும். இறக்கத்தில் வேகம் ஏறி, ஒரு மேடு தட்டினால் போதும், ஹேண்டில்பார் தானாக இடமும் வலமும் உதறத் தொடங்கும். எந்தக் கைக்கும் அது அடங்காது.

ஹேசலின் காதில் பண்ணைக்காரரின் குரல் கேட்டது. மல்லுக்கட்டினார் என்றார் அவர். வில்ஃப் கடைசிவரை விடாமல் பிடித்திருந்திருக்கிறார்.

அவள் இன்னும் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தே இருந்தாள். தலைக்கு மேல் எஞ்சின் உறுமியது. ரோவீனா கிக்கரை உதைத்து, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, நகரு. கிளம்பியாச்சு."

ஹேசல் எழுந்து, முன் சக்கரத்தைத் தன் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இறங்கு."

"என்னம்மா, இப்பப் போயி..."

"உங்கப்பா தப்பு ஒண்ணும் பண்ணல. இறங்குடி."

அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ரோவீனா எஞ்சினை அணைத்தாள். மற்ற எஞ்சின்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. பெர்சி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நெவில் தன் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துவந்து சக்கரத்தின் முன் மண்டியிட்டார். நட்டின் மேல் அது உட்காராமல் நழுவியது. மறுபடியும் நழுவியது. "நான்தான் கொடுத்தேன், ஹேசல்" என்றார். "என் கையால கொண்டாந்து கொடுத்தேன்."

அவரைத் திட்ட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அணைத்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. இரண்டுமே அவளால் முடியவில்லை. அந்த அச்சை ஒரு பக்கம் ஒருவர் அசையாமல் பிடித்தால்தான் மறுபக்கம் நட்டு கழலும். ஹேசல் வண்டியின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, இன்னொரு ஸ்பேனரை வாங்கி அச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"திருப்பு" என்றாள்.