பந்தல்குடியிலிருந்து வந்த உயிரினம்

எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் ஜெப ஷீலா டீச்சர் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தார். ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பற்றிய பாடம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டியவரை சீமைக்கருவைதான். உதாரணத்துக்கு அலைய வேண்டியதில்லை.

“நல்லாக் கேட்டுக்கோங்க. அது வெளியிலருந்து வரும். இங்க அதுக்கு எதிரி கிடையாது. கிடைக்கிறதையெல்லாம் தின்னும். ஏற்கெனவே இங்க இருந்த உயிர ஒதுக்கிட்டு அந்த இடத்துல அது உக்காந்துக்கும். ஒதுக்குனது கொஞ்சங் கொஞ்சமாக் கொறஞ்சு அழியுற நெலமைக்குப் போயிரும். வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒண்ணு கொண்டு வரணும். அட்டையில வெவரமும் எழுதணும்.”

ரேணுகாதேவி ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதினாள். எழுத எழுத அவளுக்கு ஒரே முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் மதன்குமார்.

மதன்குமார் பந்தல்குடியில் புரோட்டா மாஸ்டராக இருந்தவர். கடை மூடியதும் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று அக்காவோடு வந்தார். இப்போது கார்த்திகை.

வெள்ளிக்கிழமை காலையில் ரேணுகா அவரிடம் போய் நின்றாள்.

“மாமா, டீச்சர் ஒங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாக.”

“என்னையவா? எதுக்கு?”

“ஆக்கிரமிப்பு விஷயமா.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒரு பள்ளிக்கூடம் தன்னைக் கூப்பிட்டிருக்கிறது என்பதே பெரிதாக இருந்தது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். முகத்துக்குப் பவுடரும் போட்டார்.

பள்ளிக்கூட வாசலில் தலைமையாசிரியர் சென்னகேசவன் நின்றிருந்தார். பள்ளி மைதானத்தில் யாரோ வைக்கோல் படப்பு போட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு நாலு மனு அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர் அவர்.

“வணக்கம் சார். ஆக்கிரமிப்பு விஷயமா வரச் சொன்னாகளாம்” என்றார் மதன்குமார்.

“வாங்க சார், வாங்க! ஒங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன்!”

மதன்குமாருக்கு டீ வந்தது. வடை வந்தது. பிறகு சென்னகேசவன் அவரை மைதானத்துக்கு அழைத்துப் போய்ப் படப்பைக் காட்டினார்.

“இத எடுத்துரலாமா சார்?”

மதன்குமார் படப்பைச் சுற்றிவந்து பார்த்தார். “எடுத்துரலாம் சார். நாலு ஆளு போதும்.”

தாலுகா ஆபீஸ் பக்கமிருந்து இவ்வளவு தெளிவான பதிலை சென்னகேசவன் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது.

அதற்குள் ரேணுகா ஓடிவந்தாள். “இங்கயா இருக்கீங்க? வாங்க மாமா, எல்லாரும் வச்சிட்டாக. நான்தான் இன்னும் ஒங்கள வைக்கல.”

வகுப்பறை மேசையில் சீமைக்கருவைக் கிளை, பார்த்தீனியச் செடி, டிபன் பாக்ஸில் ஆப்பிரிக்க நத்தைகள் என வரிசையாக இருந்தன. மாரீஸ்வரன் என்ற பையன் ஒரு வாளியில் முழங்கை நீள ஆப்பிரிக்கக் கெளுத்தி மீனைக் கொண்டுவந்திருந்தான். வாளிக்குப் பக்கத்து நாற்காலியில் மாமாவை உட்காரவைத்து, சட்டையில் ஓர் அட்டையைக் குத்தினாள் ரேணுகா. சிறப்பு விருந்தினர் பேட்ஜ் என்று நினைத்து மதன்குமார் நெஞ்சை நிமிர்த்தினார்.

டீச்சர் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார். வந்த வேகத்தில் இதையும் சத்தமாக வாசித்துவிட்டார்.

“பெயர்: மதன்குமார். பூர்வீகம்: பந்தல்குடி. உணவு: எல்லாம். இயற்கை எதிரி: அம்மா. ஆனால் மருமகன் என்பதால் தாக்குவதில்லை. பாதிக்கப்பட்ட இனம்: அப்பா. முன்பு டி.வி.க்கு எதிரே நாற்காலியில் காணப்பட்டார். இப்போது மாட்டுக்கொட்டகையில் மட்டும் அரிதாகத் தென்படுகிறார்.”

படப்புப் பேச்சை முடிக்க அவர்கள் பின்னாலேயே வந்திருந்த தலைமையாசிரியர் அட்டையை எட்டிப் பார்த்தார்.

“அப்ப நீங்க தாலுகா ஆபீஸ் இல்லையா?” என்றார் சென்னகேசவன்.

“நான் பந்தல்குடி சார்.”

“வடையெல்லாம் சாப்பிட்டீங்களே!”

“குடுத்தீங்க, சாப்பிட்டேன் சார்.”

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. “ரேணுகா, மனுசங்கள இதுல சேக்கக் கூடாதும்மா. வெளியூர்லருந்து வந்தா ஆக்கிரமிப்பா? நான்கூட நாசரேத்துக்காரிதான்.”

“நீங்க எங்க வீட்டுல சாப்பிடுறதில்லயே டீச்சர்.”

அந்த நேரம் மீன் துள்ளிய துள்ளலில் வாளி கவிழ்ந்தது. கெளுத்தி தரையில் விழுந்து, நெளிந்து நெளிந்து வாசலைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. வாசலுக்கு வெளியே வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் கண்மாய்.

“விட்டுராதீங்க! அது கண்மாய்க்குள்ள போச்சுன்னா நம்ம அயிரை, கெண்டை எல்லாத்தையும் தின்னுரும்!” என்று அலறினார் டீச்சர்.

பிள்ளைகள் பெஞ்சில் ஏறினார்கள். தலைமையாசிரியர் மேசையில் ஏறி நத்தைகளுக்கு நடுவே நின்றார். பிடிக்கப் போன மாரீஸ்வரன் கையிலிருந்து இரண்டு முறை வழுக்கிக்கொண்டு போனது மீன்.

மதன்குமார் வேட்டியை மடித்துக் கட்டினார். கரும்பலகைக்குக் கீழே கிடந்த சாக்பீஸ் தூளை, மாவு தொடுவது போல் இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டு பாய்ந்தார். வாசற்படியைத் தாண்டப் போன மீன் அவர் பிடியில் அப்படியே நின்றது. வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. பிள்ளைகள் கைதட்டி விசிலடித்தார்கள்.

தண்ணீரில் மட்டும் விடக்கூடாது என்று சொல்லி டீச்சர் மீனை அவரிடமே கொடுத்தனுப்பினார். மணி அடித்ததும் மாமாவும் ரேணுகாவும் மீனோடு வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் அவள் மெல்லக் கேட்டாள்.

“கோவமா மாமா?”

“அரிதாகத் தென்படுகிறார்னு எழுதுனியே. அது நெசமா?”

“நெசந்தான். நேத்துக்கூட அப்பா தட்ட எடுத்துட்டுப் போயி மாட்டுக்கிட்ட உக்காந்துதான் சாப்பிட்டாக.”

மதன்குமார் வீட்டுக்கு வந்து தானே மீனை ஆய்ந்து குழம்பு வைத்தார். மாட்டுக்கொட்டகைக்குப் போய் மாமனார் பால்ச்சாமியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, டி.வி.க்கு எதிரே உட்காரவைத்து, ரிமோட்டையும் கையில் கொடுத்தார். பால்ச்சாமி பயந்துபோனார்.

“என்ன மாப்ள? ஒடம்புக்கு ஏதும் முடியலயா?”

“நல்லாத்தான் இருக்கேன் மாமா. சாப்பிடுங்க.”

திங்கட்கிழமையே மதன்குமார் எம்.ரெட்டியபட்டி பஸ் ஸ்டாப் பக்கத்து ஓட்டலில் மாஸ்டராகச் சேர்ந்தார். அடுத்த வாரம் அக்காவும் அவரும் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வீடு பார்த்துப் போனார்கள்.

விஷயம் டீச்சர் காதுக்கும் எட்டியது. “இப்ப நிம்மதியா ரேணுகா?” என்று கேட்டார்.

“எங்க டீச்சர்? மாமா தெனம் சாயங்காலம் பத்து புரோட்டா கட்டிக் குடுத்துவிடுறாரு. அப்பா ஒத்த ஆளா ஒம்பதத் தின்னுட்டு, மிச்சம் ஒண்ண மாட்டுக்குப் போட்டுர்றாக!”