பழைய லயத்துக் காய்ச்சல்

1982-ஆம் வருடத்தில், மலேசியாவின் ஈப்போ நகரம் முழுவதிலும் ஜெயபாலன் மதிக்கிற மனிதர் என்று ஒருவரும் இல்லை. ஒரு தோட்டக் கம்பெனி ஆபீசில் குமாஸ்தா வேலை. வாரத்தில் மூன்று சாயங்காலம் புள்ளியியல் வகுப்பு. ஆளையும் வீட்டையும் நோயையும் இனம் பிரித்து எண்ணினால், அந்த எண்ணிக்கையை எப்படி அலசுவது என்பதுதான் பாடம். நாலு வாரம் படித்ததும் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் அவன் கண்ணுக்கு மண்ணாந்தைகளாகிவிட்டார்கள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவன் தான் குடியிருந்த குனோங் ராபாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பும்போதே பிடித்துக்கொண்டுதான் வருவான்.

எல்லாரையும் விட அவனுக்கு இளக்காரமாய்ப் போனவர் மேலதிகாரி விஸ்வலிங்கம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கசங்காத வெள்ளைச் சட்டை, முப்பது வருட சர்வீஸ். அவர் கோலா கங்சார் பக்கத்துத் தோட்டம் ஒன்றைப் பற்றி அறிக்கை எழுதியிருந்தார். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பேர். புது லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் உண்டு. மூன்று மைல் தள்ளியிருந்த பழைய லயத்துக்கு ஆற்றுத் தண்ணீர்தான். அங்கேயும் குழாய் போடலாமா என்று கம்பெனி கேட்டிருந்தது. மனிதர் புது லயத்துக்கு ஒன்று, பழைய லயத்துக்கு இரண்டு என்று நம்பர் கொடுத்து, அந்த நம்பர்களையே ஆள்வாரியாகக் கூட்டி வகுத்து, சராசரி வீடு 1.4, ஆகவே குழாய் போடலாம் என்று முடித்திருந்தார்.

"ஒன்னு புள்ளி நாலு லயத்துல எவன் சார் குடியிருக்கான்?" என்றான் ஜெயபாலன், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி.

டைப்பிஸ்ட் புஷ்பராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விஸ்வலிங்கம் தோட்டத்துப் பெரட்டுப் புத்தகத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டார். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யார் வந்தார் யார் வரவில்லை என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி குறித்து வைக்கிற புத்தகம் அது.

ஒரு மாதத்து ஆட்களை மூன்று இனமாகப் பிரிக்க முடிந்தது: காய்ச்சல் என்று மருத்துவச் சீட்டு கொடுத்தவர், ஒழுங்காக வேலைக்கு வந்தவர், சொல்லாமல் கொள்ளாமல் நின்ற பொந்தேங். புது லயத்தில் முந்நூறு பேரில் தொண்ணூறு பேர் சீட்டு கொடுத்திருந்தார்கள். பழைய லயத்தில் இருநூறு பேரில் இருபத்து நாலே பேர். ஆனால் பழைய லயத்தில் பொந்தேங் மட்டும் எழுபது பேர். இரண்டு இனத்தை ஒன்றாக்குமுன் உள்ளே இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று வகுப்பில் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். ஜெயபாலனுக்கு அந்த யோசனையெல்லாம் தேவைப்படவில்லை. கள்ளைக் குடித்துவிட்டுக் கவிழ்ந்து கிடக்கிற சோம்பேறிக் கூட்டம், இதுகளுக்குத் தனிக் கட்டம் வேறா என்று, அத்தனை பேரையும் காய்ச்சல் இல்லாதவர்களோடு சேர்த்துத் தள்ளினான். இரண்டு லயத்துக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கிற கை ஸ்குவேர் கணக்கைப் போட்டான். நாலு வந்தாலே அது தற்செயல் இல்லை என்று சொல்லிவிடலாம். இவனுக்கு இருபத்திரண்டு வந்தது. குழாய்த் தண்ணீர் குடிக்கிறவர்களுக்குத்தான் காய்ச்சல் அதிகம், பழைய லயத்துக்குக் குழாய் வேண்டியதில்லை என்று எழுதினான்.

விஸ்வலிங்கம் அதை மூன்று தரம் படித்தார். "தம்பி, நீர் அந்த லயத்திலை பிறந்த பிள்ளை. உமக்குத் தெரியாததை நான் என்னத்தைச் சொல்ல? உம்மை நம்பித்தான் கையெழுத்து வைக்கிறன்."

கணக்கு புரியாதவன் நம்பித்தானே ஆக வேண்டும் என்று ஜெயபாலன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

அடுத்த மாதம் அக்கா நல்லம்மாளுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. அவள் இன்னும் அந்தப் பழைய லயத்தில் இருந்துகொண்டுதான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் போய் இறங்கினான். பாயில் சுருண்டு கிடந்தவளிடம், சீட்டு வாங்கிக் கொடுத்தாயா என்பதைத்தான் முதலில் கேட்டான்.

"எங்கலா சீட்டு?" என்றாள் நல்லம்மாள். "மருந்து குடுக்கிற டிரெஸர் உக்காந்திருக்கிறது புது லயத்துல. பெரட்டுக்கு முன்னாடி மூணு மைல் நடந்து போயி வாங்கணும். நடக்க முடிஞ்சா நான் வேலைக்கே போயிருப்பேனே. நாலு நாளா எனக்குப் பொந்தேங்தான்."

இது அவனுக்குப் புதிய சேதி இல்லை. அவனுக்கு ஒன்பது வயதில் அம்மா டைபாய்டில் பன்னிரண்டு நாள் கிடந்தாள். பன்னிரண்டு நாளும் கிராணி பொந்தேங் என்றுதான் போட்டார். லயத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம், ஈப்போவில் கை ஸ்குவேர் படித்தவனுக்கு மறந்துபோயிருந்தது. இப்போது மனசு தானாகவே கணக்குப் போட்டது. அந்த எழுபதில் பாதிப் பேர் காய்ச்சலில் கிடந்தவர்கள் என்றாலே இரண்டு லயமும் ஒன்றாகிவிடும். எழுபதுமே என்றால் பழைய லயத்தில் இரண்டு பேருக்கு ஒருவர் நோயாளி. விஸ்வலிங்கத்தின் முட்டாள் சராசரியாவது குழாய் போடச் சொன்னது. அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

போன வாரம் பெரட்டில் கிராணி படித்துக் காட்டினாராம், ஈப்போவில் கணக்குப் பார்த்தாகிவிட்டது, இங்கே குழாய் வராது என்று. கணக்குப் பார்த்தவன் யார் என்பதையும் சொன்னாராம். நல்லம்மாள் இதைச் சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்து எழுந்து, குடத்திலிருந்து ஒரு குவளை தண்ணீர் மொண்டு தம்பியிடம் நீட்டினாள்.

"கொதிக்க வச்சதாக்கா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வெறகு நனைஞ்சு கெடக்கு. ஆத்துத் தண்ணிதான் பாலா. நீ நல்லதுன்னு எழுதுன தண்ணிலா, குடி."

ஜெயபாலனுக்குத் தொண்டை வறண்டிருந்தது. ஆனாலும் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நல்லம்மாள் அதைத் திரும்ப வாங்கித் தானே குடித்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.