கடைசிச் சுரம் அடங்கும்வரை

அந்தக் குழுவில் காது கிழியக் கிட்டார் வாசிக்க ஆள் கிடையாது. பியானோ, அடியில் உறுமும் பேஸ், டிரம்ஸ், மூன்றோடு சரி. இதையும் ராக் என்று சொல்லிக்கொண்டு இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். பியானோ வாசித்துப் பாடுகிறவளுக்குக் குழுவில் பெட்டிக்காரி என்று பெயர். பேஸ் வாசிக்கிறவன் வளர்ந்த வளர்த்திக்கு ஒட்டடைக்குச்சி. டிரம்ஸ் அடிப்பவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவனுக்குப் பட்டப்பெயர் எதுவும் ஒட்டவில்லை, எல்லோருக்குமே அவன் தம்பிதான்.

இப்போதுதான் ஒரு கம்பெனி அவர்களைத் திரும்பிப் பார்த்திருந்தது. ஆல்பம் பிறகு வரும், அதற்கு முன் நாலு பாட்டை மட்டும் வெளியிட்டு ஆழம் பார்ப்போம் என்றார்கள். அந்த நாலு பாட்டும் இன்றைக்கு மாலை ஆறு மணிக்கு வெளிவருகிறது. பெட்டிக்காரி மதியம், தான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் டிபன் டப்பாவை மூடிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலாவது பாட்டைக் கேட்டாள். அதைக் கடைசி வரைக்கும் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டு முடித்ததும் கடைசிப் பகுதியை மட்டும் திரும்ப ஓட்டிக் கேட்டாள்.

அந்தக் குழுவுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. பாட்டு முடிந்ததும் அவள் வலது பெடலிலிருந்து காலை எடுக்க மாட்டாள். கடைசிச் சுரம் தானாகத் தேய்ந்து அடங்க வேண்டும். அதுவரை ஒருத்தரும் இருமக்கூடாது, காலை மாற்றி வைக்கக்கூடாது. சத்தம் அடங்கிவிட்டதா என்று தீர்ப்புச் சொல்கிற வேலை தம்பியுடையது. குச்சி பிடித்த கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவன் கை இறங்கினால்தான் மற்றவர்களுக்கு மூச்சு. இந்தச் சட்டம் போட்ட மகராசி அவள்தான். ஒருமுறை தும்மிவிட்ட ஒட்டடைக்குச்சியை ஒரு வாரம் கரித்துக்கொட்டியிருக்கிறாள்.

நாலாவது பாட்டில் டிரம்ஸ் இல்லை, வெறும் பியானோவும் குரலும்தான். அதைப் பதிவு செய்தபோது தம்பி டீ குடிக்கப் போயிருந்தான், கை தூக்க ஆளில்லை. சுரம் அடங்கிவிட்டது என்று அவளாகவே நினைத்துக்கொண்டு, பெடலை மிதித்தபடியே, மைக்கைச் சரிசெய்ய வந்த ஒலிப்பதிவுக்காரரிடம் தணிந்த குரலில் பேசிவிட்டாள். பெடலை மிதித்திருந்தால் பியானோவுக்குள் அத்தனை கம்பியும் விடுபட்டு நிற்கும். பக்கத்தில் யார் பேசினாலும் சேர்ந்து முனகும். அவள் பேசியதையும் முனகியது.

"ஆல்பத்துக்கு டிரம்ஸ் வேற ஆளு. தாளம் இழுக்குதுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க, நானும் சரின்னுட்டேன். தம்பிகிட்ட இது வெளிய வந்தப்புறம் சொல்லிக்கலாம். எங்கம்மா மூஞ்சிக்காகத்தான் இத்தனை வருஷம் அவனக் கட்டி இழுத்தேன்."

ஹெட்போனில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அதிலும் கம்பிகளின் முனகலோடு, பாட்டின் பாகம் மாதிரியே.

ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடிப்போய் ஒலிப்பதிவுக்காரருக்குப் போன் போட்டாள்.

"நான் அனுப்புனப்ப அது கேக்கவே இல்லம்மா. கம்பெனியில கடைசியா சத்தத்த ஏத்துவாங்கல்ல, அப்ப அடியில கெடந்ததெல்லாம் மேல வந்துடுச்சு" என்றார் அவர்.

"முடிஞ்ச இடத்துல வெட்டியிருக்கலாமே!"

"வெட்டவா? பாட்டோட வால்ல கைய வச்சா கைய ஒடிப்பேன்னு சண்டை போட்டது யாரு?"

கம்பெனிப் பெண்மணியோ தேன் ஒழுகப் பேசினாள். பாட்டு எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதாம், இனி நிறுத்த முடியாதாம், மாற்றி அனுப்பினாலும் சில நாள் பிடிக்குமாம். "ஏன் பதறுறீங்க? கேக்கறவங்க அதுவும் பாட்டுலயே ஒரு பகுதின்னு நெனச்சுப்பாங்க. ஒரு மாதிரி உருக்கமா வேற இருக்கு." போனைத் தூக்கி எறியலாம் போல வந்தது அவளுக்கு. நல்லவேளை, எறியவில்லை.

மாற்றி மாற்றிப் போன் போட்டதிலேயே மணி ஐந்தாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒரே வழி. அவன் காதில் அது விழுவதற்குள் தானே வாயால் சொல்லிவிட வேண்டும். பல்வலியோடு காத்திருந்தவர்களை அம்போவென்று விட்டுவிட்டுப் பஸ் பிடித்தாள். பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. எப்படித் தொடங்குவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் நாற்றம் அடித்தது. முதல் டிரம்ஸ் வாங்க முடியாத காலத்தில், அவள் பாடப் பாட அவன் சமையலறையில் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்து அடித்ததெல்லாம் கேட்காமலே நினைவுக்கு வந்து தொலைத்தது. முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தம்பி வேலை பார்க்கும் டயர் கடையில் கல்யாணக் களை கட்டியிருந்தது. அடுக்கிய டயர்களின் மேல் முதலாளி பெரிய ஸ்பீக்கரை ஏற்றி வைத்திருந்தார். பஞ்சர் ஒட்ட வந்தவர்களையும் விடாமல் பிடித்து உட்கார வைத்திருந்தார்.

"அக்கா! வேலைய விட்டுட்டு வந்துட்டியா?" தம்பி கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி வந்தான். "அம்மாவயும் போன்ல பிடிச்சு வச்சிருக்கேன். அவங்களும் கேக்கட்டும்."

கையைப் பிடித்து அவனைக் கடைக்குப் பின்னால், காற்றுப் பிடிக்கும் மெஷின் இருக்கும் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நாலாவது பாட்டப் போட வேணாம்னு சொல்லுடா. கடைசியில ஒரு கோளாறு இருக்கு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"போன வாரம் மூணு பேருக்கும் அனுப்புனாங்கல்ல, அப்பவே கேட்டேன்."

போன வாரமென்றால், அதற்கப்புறம் இரண்டு தடவை ஒத்திகைக்கு வந்திருக்கிறான். அவளுடைய பியானோவை மாடிப்படியில் கீழ்ப்பக்கம் நின்று ஒற்றை ஆளாக முட்டுக்கொடுத்து ஏற்றியிருக்கிறான். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

"அப்பவே ஏன்டா சொல்லல? அன்னைக்கே வெட்டியிருக்கலாமே!"

"நீ கேட்டுட்டு ஓகேன்னு போட்டிருந்தியே. நேர்ல சொல்ல வாய் வராம, இப்படியாவது எனக்குத் தெரியட்டும்னு விட்டுட்ட போலன்னு நெனச்சேன்."

"ஐயோ, இல்லடா. நான் கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல. பாட்டு முடிஞ்சதும் நிறுத்திட்டேன்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "எங்கள எல்லாம் மூச்சு விடாம உக்கார வச்சுட்டு, நீ கேக்கலியா?"

"மன்னிச்சுக்கடா" என்றாள். "கம்பெனி சொன்னது வேற. அம்மா பேர இழுத்தேன் பாரு, அது நான்தான். நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே..."

"ஆறு மணியாச்சு, வாங்கப்பா!" என்று முதலாளி குரல் கொடுத்தார். தம்பி கையை விடுவித்துக்கொண்டு முன்னால் போனான்.

முதல் மூன்று பாட்டுக்கும் கடையே ஆடியது. முதலாளி ஸ்பானரால் சக்கரத்தில் தாளம் போட்டார், அது ஒன்றும் சேரவில்லை. போனிலிருந்து அம்மா, "நல்லா அடிக்கிறான்டி உன் தம்பி" என்று கத்தினாள். பெட்டிக்காரி சுவரில் சாய்ந்துகொண்டு, பூமி பிளந்தால் தேவலை என்று நின்றாள். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கை வரவில்லை.

நாலாவது பாட்டு வந்தது. கடை அமைதியானது. அவள் குரல் ஓய்ந்து கடைசிச் சுரம் நீண்டபோது, தம்பி எழுந்து வழக்கம்போல் வலது கையைத் தூக்கினான். அந்தக் கைக்கு அத்தனை பேரும் கட்டுப்பட்டார்கள். அம்மாகூட மூச்சுக் காட்டவில்லை. கையை இறக்காமலே அவன் பின்பக்கமாக நகர்ந்து போனான். சுரம் நூலாகத் தேய்ந்தது.

மெஷின் சுவிட்சை அப்போது தட்டினான்.

தடதடவென்று கடை அதிர்ந்தது. சுரமும் அறுபடவில்லை, அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையும் வெளியே கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்தத் துளி இடத்தில் கச்சிதமாக வந்து விழுந்திருந்தது சத்தம். தாளம் இழுக்கிறது என்று யாரைக் கழற்றிவிடச் சம்மதித்தாளோ, அவன் போட்ட தாளம்.

"அறிவிருக்கா உனக்கு? கடைசியில கெடுத்துட்டியே!" என்று முதலாளி பாய்ந்தார்.

"என்னடா சத்தம்?" என்றாள் அம்மா.

"காத்துப் பிடிக்கிற மெஷின்மா. பாட்டு முடிஞ்சு போச்சு." சொன்ன பிறகுதான் தூக்கிய கையை இறக்கினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் தட்டுத்தடுமாறி அவன் பக்கத்தில் போனாள். அவன் மெஷினை நிறுத்தவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"புதுசா வர்றவனுக்குக் கை தூக்கற வேலையையும் சொல்லிக் குடுத்துடு. அது இல்லாம நீ பேசிடுற."

பிறகு காற்றுக் குழாயை எடுத்துக்கொண்டு, காத்திருந்த வண்டியின் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான்.