கோயில் தெரு வழியாக

தைலமரக் கட்டையைக் கால்களுக்கிடையில் கிடத்தி, அரிவாள் நுனியால் ஒரு கீறல் போட்டு, பட்டையை ஒரே இழுப்பில் உரித்துக்கொண்டிருந்தாள் அடைக்கலமேரி. பச்சை மரமென்றால் பட்டை சொன்னபடி கேட்கும். ஒரு நாள் வெயில் பட்டுவிட்டால் நகம்தான் பெயரும். அன்னவாசலுக்குத் தெற்கே அந்தக் காட்டில் அன்றைக்கு இருபது பெண்கள் வேலை செய்தார்கள். பங்குச் சாமியார் வண்டிப்பாதையில் பைக்கை நிறுத்திவிட்டு, பேன்ட் முழுக்க நாயுருவி ஒட்ட அவளைத் தேடி வந்ததும் எல்லார் அரிவாளும் நின்றது.

"என்ன சாமி, இங்கிட்டு?"

"உன்னத்தான் பாக்க வந்தேன் மேரி. உன் வீட்டுக்காரன் பேசவே மாட்டேங்கிறான். நீ சொன்னா கேப்பான்."

வந்த விஷயம் அவளுக்குத் தெரியும். அவள் ஊரில் ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே கல்லறைத் தோட்டம். ஆனால் கீழத்தெருக்காரர்களின் சவப்பெட்டி மட்டும் கோயில் தெருவுக்குள் நுழையக்கூடாது. கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் போக வேண்டும். போன ஐப்பசியில் மேரியின் மாமனார் செத்தபோது, கரைக்கு நடுவே மறுகால் பாயும் கலுங்கில் கழுத்தளவு தண்ணீர். வேறு வழியில்லாமல் பெட்டியைக் கோயில் தெருவுக்குள் கொண்டுபோனார்கள். பாதித் தெருவில் மறித்தார்கள். கோயில் நாட்டாமை இன்னாசிமுத்துவின் மகன் கடப்பாரையால் அடித்ததில், மேரியின் புருஷன் ஆனந்தராஜுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக முறிந்தது. லாரியில் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன், இப்போது கொல்லைக்குப் போவதென்றாலும் கம்பு வேண்டும்.

"கேஸ வாபஸ் வாங்கச் சொல்றீங்களா சாமி?"

"மன்னிக்கச் சொல்றேன்மா. நாட்டாமை மகன் சிங்கப்பூர் போகணும், கேஸ் இருந்தா போக முடியாது. அதுவும் ஒரு காரணந்தான், நான் மறைக்கல. ஆனா அவர் எங்கிட்ட வாக்குக் குடுத்திருக்கார். இனிமே உங்க பெட்டியும் கோயில் தெரு வழியாப் போகும். யாராவது ஒருத்தர் முதல்ல எறங்கி வரணும்ல?"

"அது எப்பவும் நாங்கதானா சாமி?"

சாமியார் குனிந்து பேன்ட்டில் ஒட்டிய நாயுருவியைப் பிடுங்கினார். நல்ல மனிதர். ஆனந்தராஜ் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டு நாளும் வந்து பார்த்தவர். கீழத்தெருவில் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் சாமியார் அவர்தான். அவர் முகம் வாடியது மேரிக்குப் பொறுக்கவில்லை. பேசிப் பார்க்கிறேன் என்றாள்.

ஆனந்தராஜ் ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டான். அவனை இளக்கியது அவன் ஆத்தா சவரியாயி. புருஷனின் பெட்டி நடுத்தெருவில் அனாதையாகக் கிடந்ததைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

"ஒங்கப்பனத் தெருவுல போட்டுட்டு ஓடியாந்தோம். என்னயாச்சும் அந்தத் தெரு வழியா மரியாதையாத் தூக்கிட்டுப் போடா. கேஸ் நடத்துனா ஒங்காலு திரும்பியா வரப்போகுது?"

அவன் கம்பை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டு, "சரி, போடுறேன் கையெழுத்து" என்றான்.

ஈஸ்டர் வாரத்துப் பெரிய வியாழனுக்கு முந்தின நாள், புதுக்கோட்டையில் வக்கீல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். சாட்சியான மேரியும் போட்டாள். வெளியே வந்ததும் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"அவுங்க வாக்கையும் ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிருவமா சாமி?"

"மன்னிப்புக்குப் பத்திரம் எழுதுவாங்களாம்மா?" என்று சாமியார் சிரித்தார். கேட்டதே தப்போ என்று மேரிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் கோயிலில், இயேசு சீடர்களுக்குச் செய்தது போலப் பாதம் கழுவும் சடங்கில் பன்னிரண்டு பேரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஆனந்தராஜ் ஒன்பதாவது ஆள். அவன் முறை வந்ததும் சாமியார் தண்ணீர்ச் செம்பை நாட்டாமை கையில் கொடுத்தார். கழுவுவது வலது காலைத்தான். பிளேட் வைத்த கால் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. இன்னாசிமுத்து மண்டி போட்டு, தழும்பின் மேல் தண்ணீர் ஊற்றி, துண்டால் துடைத்து, குனிந்து பாதத்தில் உதடு பதித்து முத்தி செய்தார். நிமிர்ந்தபோது அழுதுகொண்டிருந்தார். அழுகை நிஜம்தான்; மேரி இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தாள். ஆனந்தராஜும் அழுதான். சவரியாயி முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு விம்மினாள். மேரிக்கு நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது போலிருந்தது. ஊர் மாறிவிட்டது என்றே நம்பினாள்.

மே மாதம் சாமியாருக்கு மாற்றல் வந்தது. ஆடியில் நாட்டாமை மகன் சிங்கப்பூர் போனான். ஐப்பசி கடைசியில், மூன்றே நாள் காய்ச்சலில், சவரியாயி செத்துப்போனாள்.

காலை பதினோரு மணிக்குத் தூறலில் பெட்டியைத் தூக்கினார்கள். கோயில் தெருவுக்குள் திரும்பியதும் முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள். தெருவை அடைத்துக் குறுக்கே நாட்டாமையின் டிராக்டர், டிரெய்லரோடு நின்றது. சுவருக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம், பெட்டி போகாது. வீடுகளெல்லாம் சாத்திக் கிடந்தன. கல் இல்லை, கடப்பாரை இல்லை, ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை.

மேரி நாட்டாமை வீட்டுக் கதவைத் தட்டினாள். மருமகள் ஜன்னல் வழியே பேசினாள்.

"மாமா அறந்தாங்கி போயிருக்காங்க. சாவி அவுங்ககிட்டத்தான் இருக்கு. வண்டி வேற ரிப்பேரு."

"எப்பம்மா வருவாங்க?"

"தெரியலையேங்க." குரலில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

கீழத்தெருச் சாவுக்குச் சாமியாரின் கடைசி ஜெபமான மந்திரிப்பு கல்லறையில்தான். புதுச் சாமியார் அங்கே காத்திருந்தார். மேரி அவருக்குப் போன் போட்டாள்.

"பழைய ஃபாதர் என்ன பேசினார்னு எனக்குத் தெரியாதும்மா. பங்கு ஃபைல்ல ஒண்ணும் எழுதல. யாராவது உங்கள மறிச்சாங்களா?"

"மறிக்கல சாமி. வண்டிதான் நிக்கிது."

"பன்னண்டு மணிக்கு எனக்கு வேற ஊர்ல பூசை இருக்கு. எந்த வழியாவது கொண்டு வாங்க."

நாலைந்து பேர் டிரெய்லரைத் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. பெட்டியைச் சுமந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். அதைக் கீழே இறக்க யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் ஆனந்தராஜ்தான் சொன்னான்.

"கரை வழியாவே போங்க."

"நீங்க?" என்றாள் மேரி.

"இந்தக் கால வச்சுக்கிட்டு வழுக்குற கரையில எப்டி வாரது? நீ போ. எம் பங்குக்கும் ஒரு புடி மண்ணு போட்டுரு."

"இந்தச் சந்துல ஒருக்களிச்சு வாங்களேன்."

"எங்காத்தா போக முடியாத சந்துல நான் எதுக்குப் போகணும்?"

கலுங்கில் முழங்காலளவு தண்ணீர் ஓடியது. முன்னால் ஒருவன் கால் வழுக்கப் பெட்டி சாய்ந்தது. மேரி பாய்ந்து அடியில் கை கொடுத்தாள். "மன்னிச்சிரு அத்தை" என்று வாய்விட்டே சொன்னாள். கிழவியிடம் சாமியார் பேச்சைக் கொண்டுவந்து சேர்த்தது அவள்தானே. கண்ணீர் வழிந்தது. துடைக்கவும் கை இல்லை.

கலுங்கைத் தாண்டி நடுக்கரைக்கு வந்தபோது டிராக்டர் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கம் கோயில் தெரு நன்றாகத் தெரிந்தது. டிராக்டர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு களத்துக்குள் போய் நின்றது. ஒன்றிரண்டு கதவுகள் திறந்தன. சுமந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெட்டியோடு மறுபடியும் அந்தத் தண்ணீரில் இறங்க முடியாது. "நடங்கப்பா" என்றார் ஒருவர்.

கோயில் தெருவில், ஆனந்தராஜ் கம்பை ஊன்றி, மடங்காத காலை இழுத்து இழுத்து வைத்து, நடுத்தெருவில் கல்லறையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். அவனை யாரும் மறிக்கவில்லை.