ரயில் பாலத்தடியில் வைக்கோல் லாரி

ராக்கன் டிரைவராகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அரிமளத்தில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு கிளம்பியவன், ரயில் பாலம் கண்ணில் பட்டதுமே லாரியை எட்ட நிறுத்திவிட்டான்.

வைக்கோலுக்குச் சொந்தக்காரி செங்கமலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஏம்ப்பா நின்னுட்ட? போன மாசம் பழைய டிரைவரோட இதே ஒசரத்துக்கு ஏத்திக்கிட்டுத்தான் போனோம். தாராளமாப் போச்சு."

"அப்ப ரோடு பள்ளமாக் கெடந்துச்சுக்கா. இப்பச் சரளை கொட்டி ஒசத்திட்டாங்க. வண்டியும் ஒசந்துதானே போகும்?"

"எனக்கென்னமோ எடம் இருக்க மாதிரிதான் தெரியுது."

அவனுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நீளமான மூங்கில் கழி ஒன்றை லாரியை ஒட்டி நிமிர்த்தி, செங்கமலத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். மேலேறி, வைக்கோலின் உச்சிக்கு நேராகக் கழியில் தன் துண்டைக் கட்டினான். பிறகு கழியைக் கொண்டுபோய்ப் பாலத்தின் ஓரத்தில் நிறுத்தினான். இரும்பின் அடிவிளிம்பைத் தாண்டி ஒரு முழம் மேலே இருந்தது துண்டு.

செங்கமலம் அண்ணாந்து துண்டைப் பார்த்தாள். "எறக்குப்பா" என்றாள்.

உச்சியில் நின்று அவன் கட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ரயில் வந்தது. இத்தனை நாளும் ரயிலைக் கீழே நின்று அண்ணாந்துதான் பார்த்திருக்கிறான். இன்று அவன் முகத்துக்கு நேராகவே வந்தது. கரிய எஞ்சின், அதன் திறந்த அடுப்பில் தகதகவென்று தீ, தீக்கு முன்னால் கரி வாரிப் போடுகிறவனின் வியர்த்த முதுகு. பாலம் அதிர்ந்தது. அவன் காலடியில் வைக்கோலும் சேர்ந்து நடுங்கியது. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மறைந்தன. கையிலிருந்த கட்டைத் தள்ள மறந்து நின்றான் ராக்கன்.

"அடியாத்தீ! கீழ பாருப்பா!" என்று கத்தினாள் செங்கமலம்.

தண்டவாளக் கட்டைகளின் இடுக்கு வழியாகச் சிவந்த கங்குகள் பொலபொலவென்று சாலையில் உதிர்ந்துகொண்டிருந்தன. அளக்காமல் ஓட்டியிருந்தால் வைக்கோலோடு லாரி சிக்கிக்கொண்டிருக்கும் இடம் அதுதான்.

"அதுக்குள்ள மாட்டியிருந்தோம்னா..." மண்ணை அள்ளிக் கங்குகள்மேல் போட்டாள்.

மேலடுக்கை முழுக்க இறக்கி, மறுபடி கழி வைத்துப் பார்த்தான். நன்றாகவே இடம் இருந்தது. கங்குகள் அவிந்து ஆறும்வரை காத்திருந்து, லாரியை ஊர்ந்து போகவிட்டான். பாலத்துக்கு நேர் கீழே வந்ததும் தலையை வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்தான். கட்டைகளுக்கு இடையே வானம் பட்டை பட்டையாகத் தெரிந்தது.

பாலத்தைத் தாண்டியதும் இருவரும் கட்டுகளைச் சுமந்துவந்து மறுபடி ஏற்றினார்கள்.

"அந்தத் தீக்கு முன்னாடி ஒரு மனுசன் நின்னான்க்கா" என்றான் ராக்கன், கயிற்றை இழுத்துக் கட்டியபடி. "அம்புட்டு வேகமா ஓடுற எஞ்சின்ல நின்னான்."