மாற்றுச் சாவி

வெட்கங்கெட்ட மனுஷன் என்று என் புருஷனை முதல் தடவையாகத் திட்டியது ஒரு ராக்கெட் எஞ்சினுக்காக. கூட்ட அறையில் ஆட்கள் இருந்ததால் மனதுக்குள்தான் திட்டினேன்.

எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் கைதட்டு. யார் எதற்குக் கைதட்டினாலும் எழுந்து நன்றி சொல்லிவிடுவார். வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்களாம். விண்வெளியில் எரிய வேண்டிய எஞ்சினைப் பாவாடையோடு வெளித் திடலில் எரித்துக் காட்ட வேண்டுமாம்.

பாவாடை என்று நாங்கள் சொல்வது நெருப்பு வெளியேறும் குழலான நாசிலின் அகன்ற கீழ்ப்பகுதியை. மேலே காற்றே இல்லாததால் நெருப்பு எவ்வளவு வேண்டுமானாலும் விரியலாம். விரிகிற வரைக்கும் அதைத் தாங்கிப் பிடித்து உந்துதலாக்கப் பெரிய பாவாடை வேண்டும். தரையிலோ சுற்றிலும் காற்று. விரிந்து வலுவிழந்த நெருப்பை அது உள்ளே புகுந்து சுவரிலிருந்து பிய்த்துவிடும். ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் விலகும், மொத்தமும் உதறும். அதனால் தரையில் பாவாடையைக் கழற்றிவிட்டு எரிப்போம், இல்லையென்றால் காற்றை உறிஞ்சிய அறைக்குள் வைத்து எரிப்போம். அந்த அறை பழுதாகிக் கிடந்தது. பாவாடையின் தகடோ நகத்தின் கனம்கூட இல்லை. இருந்ததும் ஒன்றே ஒன்று. என் பிரிவு உயிரைக் கொடுத்துச் செய்தது. அது போனால் எங்கள் எஞ்சின் இந்த முறை மேலே போகாது.

"கிழிஞ்சிடும் சார்," என்றேன்.

"கொஞ்ச நேரம்தானேம்மா. பாவாடை இல்லாம குட்டையா எரிச்சுக் காட்டினா, இதுக்கா வந்தோம்னு கேக்க மாட்டாங்களா?"

"பத்த வைக்கிற நேரத்துலதான் சார் ஆபத்தே."

அவர் என்னை விட்டுவிட்டு என் புருஷன் பக்கம் திரும்பினார். திடலுக்குப் பொறுப்பாளர் அவர்தான். இந்தக் கணக்கை எங்கள் சாப்பாட்டு மேசையில் என்னோடு உட்கார்ந்து போட்டவரும் அவர்தான்.

"பாத்துக்கலாம் சார்," என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. காரில் வரும்போது கேட்டேன்.

"என்னத்தப் பாத்துக்கப் போறீங்க?"

"எல்லாத்துக்கும் நீ சண்டைக்கு நிக்கிற. யாராவது ஒருத்தர் அனுசரிச்சுப் போகணும்ல."

அனுசரிப்பாம். காற்று அனுசரிக்குமா?

திடலில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் பக்கம் போகிறவர் பலகையிலிருந்து தன் சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். எல்லாச் சாவியும் பலகையில் திரும்ப மாட்டினால்தான் பற்றவைக்கும் மின்சுற்று வேலை செய்யும். சாவி இல்லையென்றால் ஆள் உள்ளே இருப்பதாக அர்த்தம். தொலைந்தால் பயன்படுத்த மாற்றுச் சாவிகள் என் புருஷனிடம் இருக்கும். ஆனால் சாவிக்காரரைக் கண்ணால் பார்த்த பிறகே அதைத் தொடலாம்.

எரித்துக் காட்டும் நாளன்று காலை பாவாடையின் போல்ட்டுகளைக் கடைசியாகப் பார்க்கப் போனேன். திரும்பும்போது சாவியை மாட்டவில்லை. பின்வாசல் வழியாகப் பட்டறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் கூப்பிடுவார், தேடி வருவார், அப்போது எல்லார் முன்னாலும் முடியாது என்று சொல்ல வைக்கலாம் என்பது என் திட்டம். சொல்ல வேண்டியதையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கையில் போன். அது அடிக்கவே இல்லை.

திடீரென்று ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. முழக்கம், அதற்குள்ளேயே தகரத்தைக் கசக்குவதுபோல ஒரு கிறீச்சல். அப்புறம் சத்தமே இல்லை.

ரொம்ப நேரம் கழித்து அவர் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"போச்சு. நீ சொன்ன மாதிரியேதான்."

"சாவி எங்கிட்ட இருக்கு," என்றேன்.

"மாத்துச் சாவிய போட்டேன்."

"என்னைப் பாத்தீங்களா?"

"நீ கோவத்துலதான் எடுத்துட்டுப் போயிருப்பேன்னு தெரியும்."

"பாத்தீங்களான்னு கேட்டேன்."

"சார் தோளுக்குப் பின்னாலயே நின்னாரு. எல்லாரும் காத்துட்டு இருந்தாங்க."

"கேமராவுலயாவது?"

"கேமராவ எல்லாம் பாவாடைக்குத் திருப்பச் சொல்லிட்டாரு."

"போல்ட் பாக்கப் போனேன். அங்க மயங்கி விழுந்திருந்தா?"

அதுவரை பாவாடைக்காகத்தான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

"வா, வீட்டுக்குப் போலாம்," என்றார்.

"நீங்க போங்க," என்றேன்.